டோனர் டிரான்ஸ்ஃபரில் ஆறு போர்டு செய்து ஐந்து வீண்: எங்கே தவறுகிறேன்?

#1 புதியபோர்டு

வணக்கம். ஒரு மாதமாக வீட்டில் பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்து பழகி வருகிறேன். இதுவரை ஆறு போர்டு போட்டாயிற்று. பாகங்களை வைத்து சால்டர் செய்யும் (உருகிய உலோகத்தால் பற்றவைக்கும்) அளவுக்கு வந்தது ஒன்றுதான். என்ன செய்கிறேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.

பலகை எஃப்ஆர்4 (கண்ணாடி இழையும் எபாக்சியும் சேர்ந்தது), ஒரு பக்கம் மட்டும் செம்பு, 1.6 மி.மீ. தடிமன். அளவு 70க்கு 90 மி.மீ. வெப்பநிலையைப் பதிவு செய்யும் சிறு கருவி. அதில் 32 கால் உள்ள மைக்ரோகன்ட்ரோலர் (சிறு கணினிச் சில்லு) ஒன்று, டிகியூஎஃப்பி வகை (நான்கு பக்கமும் கால் உள்ள தட்டை வடிவம்), கால்களுக்கு இடையே 0.8 மி.மீ. மற்ற டிராக் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) எல்லாம் 0.4 மி.மீ. அகலம்.

பளபளப்பான பத்திரிகைத் தாளில் லேசர் பிரிண்டரால் அச்சிடுகிறேன். அதைச் செம்பின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியை 5 நிமிடம் அழுத்தி வைக்கிறேன். சூட்டோடு தண்ணீரில் போட்டுத் தாளை உரிக்கிறேன். பிறகு ஃபெரிக் குளோரைடில் எட்சிங், அதாவது டோனர் மூடாத செம்பைக் கரைப்பது.

சிக்கல்கள்: நடுவில் அங்கங்கே வட்ட வட்டமாக டோனர் பிடிக்காமல் தாளோடு வந்துவிடுகிறது. எட்சிங்குக்கு 50 நிமிடம் ஆகிறது, அதற்குள் மெல்லிய டிராக் பக்கவாட்டில் அரித்துப் போகிறது. ஐந்தாவது போர்டு மற்றவற்றைவிட நன்றாக வந்தது, ஆனால் ஐசியை (அந்த மைக்ரோகன்ட்ரோலர் சில்லை) வைத்துப் பார்த்தால் கால் வரிசை தலைகீழ். மனது உடைந்துவிட்டது.

#2 பழையரேடியோ

தம்பி, முதலில் சில கேள்விகள். இஸ்திரிப் பெட்டி நீராவி விடும் வகையா? அழுத்தும்போது ஒரே இடத்தில் வைக்கிறீர்களா, நகர்த்துகிறீர்களா? ஆறு போர்டுக்கும் அதே ஃபெரிக் குளோரைடா? அது என்ன சூட்டில் இருக்கிறது? செம்பை எதனால் சுத்தம் செய்கிறீர்கள்?

#3 புதியபோர்டு

நீராவிப் பெட்டிதான் அண்ணா, ஆனால் தண்ணீர் ஊற்றுவதில்லை. தாள் நகர்ந்துவிடும் என்று பயந்து ஒரே இடத்தில் அழுத்திப் பிடிப்பேன். கரைசல் ஆறுக்கும் ஒன்றேதான், அறை வெப்பத்தில்தான் வைக்கிறேன். செம்பைத் துணியால் துடைப்பேன், பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கிறது.

#4 பழையரேடியோ

காரணம் பாதி தெரிந்துவிட்டது. நீராவிப் பெட்டியின் அடித்தகட்டில் துளைகள் இருக்கும். துளைக்கு நேர் கீழே சூடும் போகாது, அழுத்தமும் போகாது. அசையாமல் வைத்தால் அந்த இடத்தில் டோனர் உருகாது. வீணான போர்டில் திட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், பெட்டியின் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும்.

துளையில்லாத பழைய உலர் பெட்டி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் முதல் அரை நிமிடம் அசையாமல் வைத்து தாள் ஒட்டிக்கொண்டதும், மெதுவாக நகர்த்தி நகர்த்தி அழுத்துங்கள். ஒட்டிய தாள் நகராது. இதைவிட மேல், சூடான உருளைகள் உள்ள லேமினேட்டர். பலகையின் தடிமனைத் தாங்கும் இயந்திரமாக இருக்க வேண்டும். ஒருமுறை விட்டால் போதாது, ஏழெட்டு முறை விட வேண்டும், ஏனென்றால் செம்பு சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகும்.

இனி சுத்தம். இந்த வேலையில் தோல்விக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பேன். பளபளப்பு என்பது சுத்தத்துக்கு அடையாளம் அல்ல. விரல் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் இருக்கும். டோனர் என்பது நிறம் கலந்த பிளாஸ்டிக் தூள். அது உருகி, செம்பின் மேலுள்ள நுண்ணிய கீறல்களில் இறங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி போன்ற பரப்பில் பிடிக்க இடமில்லை, எண்ணெய் இருந்தாலும் பிடிக்காது.

பாத்திரம் தேய்க்கும் நாரால் முதலில் நெடுக்கிலும் அப்புறம் குறுக்கிலும் தேய்த்துப் பரப்பை மங்கலாக்குங்கள். சோப்பு போட்டுக் கழுவுங்கள். இப்போது ஒரு சோதனை: பலகையைத் தண்ணீரில் முக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் ஒரே படலமாக முழுப் பரப்பிலும் நின்றால் சுத்தம். எங்காவது விலகித் துளித்துளியாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மறுபடி தேய்க்க வேண்டும். காய்ந்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து, விளிம்பை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: சூட்டோடு தண்ணீரில் போடாதீர்கள். டோனர் இறுகும் முன்பே தாள் ஊறி விலகத் தொடங்கும். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆற விட்டு, பிறகு ஊற வையுங்கள். பத்து நிமிடத்தில் தாள் கூழாகிவிடும், கட்டைவிரலால் உருட்டி எடுக்கலாம். உரிக்கவே கூடாது.

#5 கரைசல்காரி

எட்சிங் பற்றி நான் சொல்கிறேன், வேதியியல் என் துறை.

ஃபெரிக் குளோரைடில் இரும்பு மூன்று மின்னூட்டத்தோடு இருக்கிறது. அது செம்பிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு மின்னூட்டத்துக்கு இறங்கும், செம்பு கரைந்து குளோரைடாகும். ஒவ்வொரு போர்டுக்கும் மூன்று மின்னூட்ட இரும்பு குறைந்துகொண்டே வரும். ஆறாவது போர்டுக்கு வரும்போது உங்கள் கரைசலில் வேலை செய்ய ஆள் இல்லை.

கணக்கு எளிது. சாதாரணப் பலகையில் செம்பு 35 மைக்ரான் தடிமன். 100க்கு 100 மி.மீ. பலகையில் அது 0.35 கன சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 3.1 கிராம். உங்கள் அளவுக்கு 2 கிராம் வரும். வரைபடத்தில் டிராக் தவிர மற்ற எல்லாவற்றையும் கரைத்தால் அதில் பெரும்பகுதி கரைசலுக்குள் போகிறது. வெற்றிடத்தையெல்லாம் கிரவுண்டு (மின்சுற்றின் பொது இணைப்பு) செம்பாக நிரப்பிவிட்டால் கரைக்க வேண்டியது பாதிக்கும் கீழே வந்துவிடும். நேரமும் மிச்சம், கரைசலும் நீடிக்கும், மின்சுற்றுக்கும் நல்லது. நிரப்பும்போது இடைவெளியை 0.4 மி.மீ. வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சூடு. அறை வெப்பத்தில் ஃபெரிக் குளோரைடு மந்தம். 40 முதல் 50 டிகிரிக்குள் வைத்தால் வேகம் நன்றாகக் கூடும். தட்டை நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம், வெந்நீர் ஊற்றிய பெரிய தட்டுக்குள் கரைசல் தட்டை வையுங்கள். சூடாக்கினால் ஆவி வரும், அது அருகிலுள்ள இரும்புக் கருவிகளைத் துருப்பிடிக்க வைக்கும், உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. எனவே காற்றோட்டமான இடம். கண்ணாடியும் கையுறையும் எப்போதும்.

பலகையைச் செம்புப் பக்கம் கீழே இருக்கும்படி மிதக்க விடுங்கள், அல்லது செங்குத்தாக நிறுத்துங்கள். கரைந்தது கனமாக இருப்பதால் கீழே இறங்கிவிடும், புதிய கரைசல் வந்து தொடும். மேல்நோக்கி வைத்தால் கசடு செம்பின் மேலேயே படிந்து திரை போட்டுவிடும். இடையிடையே ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அரிப்பு பக்கவாட்டிலும் போகும் என்பதை நினைவில் வையுங்கள். கீழ்நோக்கி 35 மைக்ரான் கரையும்போது இரு ஓரங்களிலும் ஏறக்குறைய அதே அளவு உள்ளே போகும். சரியான நேரத்தில் எடுத்தால் 0.4 மி.மீ. டிராக் 0.33 ஆகும், அதில் ஒன்றும் கெட்டுவிடாது. நடுவில் ஏதோ ஒரு மூலை கரையாமல் நிற்கிறதே என்று முழுப் பலகையையும் அரைமணி நேரம் கூடுதலாக ஊற வைத்தால் தான் டிராக் போகிறது. உங்கள் 50 நிமிடத்தில் நடந்தது அதுதான்.

#6 துளையூசி

ஐந்தாவது போர்டு தலைகீழாக வந்தது பற்றி யாரும் சொல்லவில்லையே. இதற்கு ஒரே ஒரு விதி போதும்: வரைபடத்தில் ஒவ்வொரு செம்பு அடுக்கிலும் ஓர் எழுத்தையாவது போட்டு வையுங்கள். அது செம்பில் நேராகப் படிக்க வர வேண்டும். கவிழ்த்து ஒட்டுவதால், தாளில் அது கண்ணாடி எழுத்தாகத் தெரிய வேண்டும்.

மென்பொருள் எப்போதும் மேலிருந்து பார்ப்பதாகவே காட்டும். எனவே கீழ் அடுக்கை அப்படியே அச்சிட வேண்டும், மேல் அடுக்கைத் திருப்பி அச்சிட வேண்டும். உங்கள் மைக்ரோகன்ட்ரோலர் செம்புப் பக்கமே உட்காருகிறது. நீங்கள் மேல் அடுக்கில் வரைந்துவிட்டுத் திருப்பாமல் அச்சிட்டிருப்பீர்கள்.

அச்சிட்டதும் இன்னொரு காரியம். சாதாரணத் தாளில் ஒரு படி எடுத்து, ஐசியையும் கனெக்டரையும் அதன் மேலேயே வைத்துப் பாருங்கள். அச்சு இயந்திரம் ஒன்றிரண்டு சதவீதம் சுருக்கிவிடும் வழக்கம் உண்டு, 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை அணைக்க மறந்திருப்போம். 40 கால் கனெக்டரில் அது கடைசிக் காலில் தெரியும்.

#7 புதியபோர்டு

ஸ்கேல் வைத்து அளந்தேன். திட்டுகளுக்கு இடையே 22 மி.மீ., பெட்டித் துளைகளுக்கு இடையேயும் 22 மி.மீ.! ஒரு மாதமாகத் தாளையும் பிரிண்டரையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர்ச் சோதனையும் செய்தேன். நான் சுத்தம் என்று நினைத்த பலகையில் தண்ணீர் நிற்கவே இல்லை. நாரால் தேய்த்த பிறகு அழகாகப் படலமாக நின்றது. மேல் அடுக்கு, திருப்பாமல் அச்சிட்டது, அதுவும் சரிதான். இந்த வாரம் ஏழாவது போர்டு.

#8 நேர்வழி

ஒரு கேள்வி கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கெர்பர் கோப்பை (ஆலைக்கான வரைபடக் கோப்பு) ஆலைக்கு அனுப்பினால் துளைகளுக்குள் செம்பு பூசி, பச்சைப் பூச்சும் எழுத்தும் போட்டு, இரண்டு அடுக்காக அனுப்பிவிடுகிறார்கள். 0.15 மி.மீ. டிராக் கூட அவர்களுக்குச் சாதாரணம். வீட்டில் அமிலம், ஆவி, கழிவு எல்லாம் வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு? கற்றுக்கொள்ள ஒருமுறை செய்யலாம், சரி. அதற்கு மேல்?

#9 பழையரேடியோ

நியாயமான கேள்வி. நானும் இறுதி வடிவத்தை ஆலைக்குத்தான் அனுப்புகிறேன். ஆனால் இறுதி வடிவத்துக்கு வருவதற்கு முன் மூன்று நான்கு தவறான வடிவங்கள் இருக்குமே, அவற்றை எத்தனை நாள் காத்திருந்து வாங்குவது? காலையில் வரைந்து, மதியம் எட்ச் செய்து, மாலையில் சால்டர் செய்து, இரவில் தவறைக் கண்டுபிடித்துவிடலாம். மறுநாள் திருத்திய போர்டு மேசையில் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் செய்யும் தடையே நல்ல வரைபடம் வரையக் கற்றுத் தருகிறது. ஒரே அடுக்கில் முடிக்க வேண்டுமென்றால் பாகங்களை எங்கே வைப்பது என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். இரண்டு அடுக்கும் கணக்கில்லாத வயாவும் (அடுக்குகளை இணைக்கும் துளை) இருந்தால் கணினியே எப்படியோ வழி கண்டுபிடித்துவிடும், நாம் யோசிக்க மாட்டோம்.

பால் ஐஸ்லர் 1936 வாக்கில் லண்டனில் அச்சுச் சுற்று வைத்து வானொலி செய்தபோது பின்பற்றியதும் அடிப்படையில் இதே வழிதான்: முழுத் தாளாகச் செம்பை ஒட்டி, வேண்டியதை மூடி, வேண்டாததைக் கரைப்பது. 1943இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நம் மேசையில் நடப்பதும் ஆலையில் நடப்பதும் அந்த ஒரே யோசனையின் கிளைகள். அதைக் கையால் ஒருமுறை செய்தவருக்கு ஆலையின் விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்று புரியும். குறைந்தபட்ச இடைவெளி என்று ஓர் எண்ணைப் பார்க்கும்போது, கரைசல் பக்கவாட்டில் அரிப்பது கண்முன் வரும்.

#10 நேர்வழி

முதல் காரணத்தை ஏற்கிறேன். இரண்டாவதை இன்னும் யோசிக்கிறேன். ஆனால் கழிவை என்ன செய்கிறீர்கள் என்பதற்குப் பதில் வரவில்லை.

#11 சுழல்முனை

கழிவே வேண்டாம் என்றால் சிஎன்சி (கணினி இயக்கும் செதுக்கு இயந்திரம்) இருக்கிறது. நான் மூன்று வருடமாகக் கரைசலைத் தொடவில்லை. வி வடிவ முனையால் டிராக்கைச் சுற்றிச் செம்பைச் செதுக்கிப் பிரிப்பது, அவ்வளவுதான். துளையும் அதே இயந்திரம் போட்டுவிடும், வெளி விளிம்பையும் வெட்டிவிடும்.

ஒரே சவால், பலகை சமமாக இருக்காது. முனையின் நுனி 0.1 மி.மீ., கோணம் 30 டிகிரி என்றால், 0.1 மி.மீ. ஆழத்தில் வெட்டும் அகலம் 0.15 மி.மீ. சொச்சம். பலகை ஓரிடத்தில் 0.1 மி.மீ. மேடாக இருந்தால் அங்கே ஆழம் இரட்டிப்பாகும், அகலம் 0.2ஐத் தாண்டும், மெல்லிய டிராக் போய்விடும். பள்ளமாக இருந்தால் செம்பே வெட்டுப்படாது. அதனால் முனையைப் பலகையில் பல இடங்களில் தொட வைத்து உயர வரைபடம் எடுத்து, அதற்கேற்ப வெட்டும் பாதையைத் திருத்த வேண்டும். இதைச் செய்தால் உங்கள் 0.8 மி.மீ. ஐசி எளிதாக வரும்.

#12 கரைசல்காரி

கழிவு இல்லை என்று சொல்ல முடியாது. எஃப்ஆர்4 என்பது கண்ணாடி இழையும் எபாக்சியும். செதுக்கும்போது வரும் தூள் மூச்சுக்குள் போகக் கூடாது. உறிஞ்சும் குழாய், முகமூடி இரண்டும் வேண்டும். ரம்பத்தால் அறுப்பவர்களும் தண்ணீர் தெளித்து அறுங்கள்.

இனி கரைசல் கழிவு. நேர்வழி கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. பலர் நீர் கலந்து சாக்கடையில் ஊற்றிவிடலாம் என்று எழுதுகிறார்கள். கூடாது. செம்பு உப்பு பாசிக்கும் மீனுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. உலோகக் குழாயையும் அரித்துவிடும். நீர் கலந்தால் செறிவு குறையும், செம்பின் அளவு குறையாது.

நான் செய்வது: வேலை முடிந்த ஃபெரிக் குளோரைடைப் பெரிய பிளாஸ்டிக் வாளியில் பாதிக்கும் குறைவாக எடுத்து, சலவை சோடாவைக் கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்ப்பேன். நுரை பொங்கும், அவசரப்படக் கூடாது. நுரைப்பது நின்றதும் ஓரிரு நாள் விட்டால் இரும்பும் செம்பும் சேறாக அடியில் படியும். மேலுள்ள நீரை அகலமான தட்டில் ஆவியாக விடுவேன். சேற்றையும் எஞ்சிய உப்பையும் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் பெயர் எழுதி வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுப்பேன். ஒரு வருட வேலைக்கு ஒரு சிறு டப்பா நிரம்புகிறது.

#13 மஞ்சள்விளக்கு

அலுமினியத் தாளைப் போட்டால் செம்பு முழுவதும் பிரிந்து அடியில் விழுந்துவிடுமே, அது எளிது அல்லவா?

#14 கரைசல்காரி

தயவுசெய்து வேண்டாம். அலுமினியம் செம்புக் குளோரைடோடு மிக வேகமாக வினைபுரியும். கொதிக்கும் அளவுக்குச் சூடாகும், ஹைட்ரஜனும் வரும். செம்பைப் பிரித்தெடுக்க ஆசையென்றால் ஸ்டீல் வுல் சிறிது சிறிதாகப் போடலாம். இரும்பு கரைந்து செம்பு செந்தூளாக வெளிவரும், அமைதியாக நடக்கும்.

பலர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து எட்ச் செய்கிறார்கள். வேகம் அபாரம்தான். கரைசல் செம்புக் குளோரைடாக மாறிய பிறகு காற்றை ஊதியோ சிறிது பெராக்சைடு விட்டோ மறுபடி உயிர்ப்பிக்கலாம், அதனால் வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் பெராக்சைடு அதிகமானால் குளோரின் வாயு வரும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் அல்ல. பெராக்சைடு உள்ள கரைசலை இறுக மூடிய புட்டியில் வைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து வெடிக்கும். வீட்டுக்குள் இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. சோடியம் பெர்சல்ஃபேட் நல்ல மாற்று: தெளிவான திரவம், செம்பு கரையக் கரைய நீலமாகும், உள்ளே பலகை தெரியும். அதற்கும் 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதன் புட்டியையும் இறுக மூடக் கூடாது.

#15 புதியபோர்டு

ஏழாவது போர்டு: டோனர் முழுவதும் பிடித்தது. புதுக் கரைசல், 45 டிகிரி, செம்பு கீழ்நோக்கி. 11 நிமிடத்தில் முடிந்தது! கிரவுண்டு நிரப்பியதால் கரைசல் நிறம்கூடப் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஐசி கால்களுக்கு இடையே நான்கு இடத்தில் டோனர் பரவி ஒட்டிக்கொண்டது, கத்தியால் கீறிப் பிரித்தேன்.

அடுத்த திட்டத்தில் 0.5 மி.மீ. இடைவெளி ஐசி வருகிறது. டோனரில் முடியுமா?

#16 மஞ்சள்விளக்கு

முடிந்தாலும் ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியிருக்கும். உருகிய டோனர் அழுத்தத்தில் பரவத்தான் செய்யும். டிரை ஃபிலிமுக்கு வாருங்கள், நான் 0.2 மி.மீ. டிராக்கை வழக்கமாக எடுக்கிறேன்.

நீல நிற ஒளியுணர் படலம், இருபுறமும் பாதுகாப்புத் தாள். உட்புற மெல்லிய தாளை உரித்துச் செம்பில் ஒட்டி லேமினேட்டரில் விட வேண்டும். யூவி (புற ஊதா ஒளி) பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடம் சலவை சோடாக் கரைசலில் கரையும். எனவே ஒளிபுகு தாளில் டிராக் தெளிவாகவும் மற்ற இடம் கறுப்பாகவும் அச்சிட வேண்டும். டோனருக்குச் செய்ததற்கு நேர் எதிர். அச்சுப் பக்கம் படலத்தைத் தொடும்படி வைத்து, மேலே கண்ணாடி வைத்து அழுத்துங்கள். அச்சு மேல்பக்கம் இருந்தால் தாளின் தடிமன் வழியே ஒளி ஓரங்களில் நுழைந்து கோட்டை மங்கலாக்கும். வேலையெல்லாம் மஞ்சள் விளக்கில்.

சோடா: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். கூடுதலாகப் போட்டால் இறுகிய படலமும் பெயரும். எட்சிங் முடிந்ததும் படலத்தை எடுக்க 3 சதவீதக் காஸ்டிக் சோடா. அது கண்ணுக்கு அமிலத்தைவிட மோசம், கவனம்.

#17 புதியபோர்டு

படலம் வாங்கி முயன்றேன். சோடாவில் 15 நிமிடம் போட்டும் ஒன்றும் கரையவில்லை. இரண்டாவது தடவை சோடாவைக் கூட்டினேன், முழுப் படலமும் தோல் போல உரிந்து வந்துவிட்டது. யூவி எல்இடி விளக்கில் 30 வினாடி காட்டினேன்.

#18 மஞ்சள்விளக்கு

முதல் தடவை: மேல் பாதுகாப்புத் தாளை உரித்தீர்களா? யூவி காட்டும்போது அது இருக்க வேண்டும், சோடாவில் போடும் முன் உரிக்க வேண்டும். தெளிவாக இருப்பதால் இருப்பதே தெரியாது. மூலையில் ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தால் வந்துவிடும்.

இரண்டாவது தடவை: சோடா அதிகம், வெளிச்சம் குறைவு, இரண்டும் சேர்ந்திருக்கலாம். என் விளக்கின் நேரம் உங்களுக்குப் பொருந்தாது, விளக்கின் திறனும் தூரமும் மாறும். ஒரு துண்டுப் பலகையில் படலம் ஒட்டி, அட்டையால் மூடி, 20 வினாடிக்கு ஒருமுறை அட்டையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்துங்கள். பத்துப் பட்டை கிடைக்கும். கால் மணி நேரம் விட்டு, தாளை உரித்து, சோடாவில் போடுங்கள். எந்தப் பட்டை சேதமில்லாமல் நிற்கிறதோ அதுவும் அடுத்ததும் உங்கள் நேரம். ஒவ்வொரு பட்டையிலும் மெல்லிய கோடுகள் இருந்தால் இன்னும் நல்லது: வெளிச்சம் அதிகமான பட்டையில் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் இறுகி அடைபடுவதைப் பார்க்கலாம்.

ரெசின் 3டி பிரிண்டர் யாரிடமாவது இருந்தால், அதன் திரையே 405 நானோமீட்டர் ஒளியில் படத்தைக் காட்டும். ஒளிபுகு தாளே வேண்டாம், பலகையைக் கவிழ்த்து வைத்தால் போதும். திரையின் புள்ளி அளவுதான் எல்லை.

#19 துளையூசி

துளை பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எஃப்ஆர்4க்குச் சாதாரண எஃகு முனை போட்டால் ஒரு போர்டுக்குள் மழுங்கிவிடும், கண்ணாடி இழை அப்படி. டங்ஸ்டன் கார்பைடு முனை வேண்டும். அது கடினம், ஆனால் பக்கவாட்டில் சிறிது சாய்ந்தாலும் முறியும், எனவே கையால் பிடித்துத் துளைக்காமல் ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐசிக்கும் ரெசிஸ்டருக்கும் 0.8, பின் ஹெடருக்கு (ஊசி வரிசை கனெக்டர்) 1 மி.மீ. பேடின் (கால் சால்டர் ஆகும் செம்புத் திட்டு) நடுவே சிறு புள்ளி அளவு செம்பு கரையும்படி வரைபடத்திலேயே விட்டால் முனை தானாக அதில் உட்காரும்.

இரண்டு அடுக்கு செய்ய ஆசைப்படுபவர்களுக்கு: வீட்டில் துளைக்குள் செம்பு பூச்சு இல்லை என்பதை வரையும்போதே நினைத்துக்கொள்ளுங்கள். வயா என்றால் கம்பியை விட்டு இருபுறமும் சால்டர். கனெக்டருக்கு அடியில் மேல் அடுக்கு டிராக் இணைத்தால் சால்டர் முனை அங்கே போகாது.

#20 நேர்வழி

எல்லாவற்றையும் படித்தேன். வீட்டு மின்சாரம் (மெயின்ஸ்) நேரடியாக வரும் போர்டுகளை இப்படிச் செய்யலாமா?

#21 பழையரேடியோ

குறைந்த மின்னழுத்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பச்சைப் பூச்சு இல்லாத செம்பு, கழுவாமல் விட்ட கரைசல் உப்பு, ஈரம், மூன்றும் சேர்ந்தால் டிராக்குகளுக்கு இடையே கசிவு வரும். 5 வோல்ட்டில் அது தொல்லை, மெயின்ஸில் அது உயிர்.

மின்னோட்டம் பற்றிக் கவலை வேண்டாம். 35 மைக்ரான் செம்பில் 1 மி.மீ. டிராக் வெறும் 10 டிகிரி சூடேறி 2 ஆம்பியருக்கு மேல் தாங்கும். ஆனால் 100 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 0.05 ஓம் மின்தடை உண்டு. 2 ஆம்பியரில் 0.1 வோல்ட் போய்விடும். சென்சாரின் கிரவுண்டும் மோட்டாரின் கிரவுண்டும் அதே டிராக்கைப் பகிர்ந்தால் அளவீடு ஆடும்.

#22 புதியபோர்டு

மேல் தாளை உரிக்கவில்லை என்பது உண்மைதான். பட்டைச் சோதனை செய்தேன்: என் விளக்குக்கு 100 வினாடியில் படலம் நின்றது, 120இல் உறுதியாக இருந்தது. 180க்கு மேல் மெல்லிய இடைவெளிகள் அடைந்தன. 30 வினாடியில் எப்படி நின்றிருக்கும்!

நேற்று 0.5 மி.மீ. ஐசி போர்டை 120 வினாடி காட்டி எடுத்தேன். 48 கால். பலகையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்ததில் ஓர் இடத்தில் மட்டும் மயிரிழை இணைப்பு தெரிந்தது, மல்டிமீட்டரும் அதையே சொன்னது. ஊசியால் கீறினேன். ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பொருள்) தடவி, மெல்லிய சால்டரால் செம்பு முழுவதும் பூசி, ஐசியை வைத்தேன். முதல் இணைப்பிலேயே புரோகிராம் ஏறியது.

கரைசல்காரி அக்காவுக்கு: வாளியில் சேறு படிந்துகொண்டிருக்கிறது. மேலே நீர் இன்னும் லேசான நீலமாக இருக்கிறது. இன்னும் சோடா சேர்க்கலாமா?

#23 கரைசல்காரி

நீலம் இருக்கும்வரை செம்பு கரைந்திருக்கிறது என்று பொருள். இன்னும் சிறிது சேருங்கள், கலக்கிவிட்டு மறுநாள் பாருங்கள். மிக அதிகமாகவும் போட வேண்டாம், கார்பனேட் மிஞ்சினால் படிந்த செம்பு கொஞ்சம் திரும்பக் கரையும். பிஎச் (அமில, காரத்தன்மை) சோதனைத்தாள் இருந்தால் 8 முதல் 9க்குள் நிறுத்துங்கள். டப்பாவில் தேதியும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.